விளக்குக்காரியின் பின்பாதி

நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. முழங்காலும் பழைய ஞாபகமும் இப்போது சொல்லாமல் கொள்ளாமல் வலிக்கின்றன. உங்களில் பலருக்கு அந்த டிவி கேம் நினைவிருக்கும். சாம்பல் நிறப் பெட்டி, மஞ்சள் கேசட், சூடேறினால் பிளாஸ்டிக் வாசனை அடிக்கும் அடாப்டர். கேசட் ஓடவில்லை என்றால் உருவி, வாயால் ஊதி, திரும்பச் சொருகுவோம். ஊதினால் ஏன் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. ஊதாமல் ஓட்டியவரும் கிடையாது. அப்படி ஒரு கேசட்டில் இருந்த விளையாட்டை வைத்து ஜப்பானில் எடுத்த பொம்மைப் படம் ஒன்றைப் போன மாதம் முழுதாகப் பார்த்து முடித்தேன். மகா மட்டமான படம். ஆனால் எழுத உட்கார்ந்தது என் அக்காவைப் பற்றி. படத்தைப் பற்றிப் படிக்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது கள்ளிக்குப்பத்தில் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். மாடியில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த பாங்க் உத்தியோகக் குடும்பம். அவர்கள் வீட்டில் சோபா இருந்தது, எங்கள் வீட்டில் டிவி கேம் இருந்தது. மாமா பொங்கலுக்கு வாங்கி வந்தது. அதனால் மாடி வீட்டுப் பையன் எந்நேரமும் எங்கள் வீட்டில்தான் கிடப்பான்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்தார். லேத்திலிருந்து வரும் உருப்படியை அளந்து பார்த்து ஓகே அல்லது ரிஜெக்ட் என்று சொல்ல வேண்டும். நடுவில் ஒரு பதில் கிடையாது. அவருடைய அப்பா அண்டை வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். இவர் அளவுகோல் பிடித்தவர். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே இருந்தது. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை நிற்காது. ரசம் ஓகே. என் கையெழுத்து ரிஜெக்ட். சட்டையில் கட்டிங் ஆயில் வாசனையோடு அவர் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதும் நாங்கள் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தைத் தேடுவோம்.

அந்தக் கோடையில் அக்கா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாள். நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். தண்ணீர் லாரி வரும் நாளில் குடம் தூக்குவதைத் தவிர எங்களுக்கு வேறு வேலை இல்லை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மத்தியானம் கரண்ட் போனால் தெருவே பெருமூச்சு விடும்.

கேசட்டில் இருந்த மற்ற விளையாட்டெல்லாம் சுடுவதும் குதிப்பதும்தான். ஒன்று மட்டும் வேறு மாதிரி. கையில் விளக்கோடு ஒரு பெண் இருட்டுக் குகைகளில் நடந்து போவாள். தவளை வரும், வௌவால் வரும், படகில் ஒரு கிழவர் வருவார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கீழே ஒரு பெட்டி திறந்து அதில் ஜப்பான் எழுத்து ஓடும். எங்களுக்கு ஒன்றும் புரியாது. அவளுக்கு விளக்குக்காரி என்று நாங்களே பெயர் வைத்தோம். ஏழாவது கட்டத்தில் ஒரு கிணறு, அதற்கு ஒரு மூடி. அவள் மூடியைத் திறந்து உள்ளே இறங்கியதும் படம் அப்படியே உறைந்து திரையெல்லாம் கோடு கோடாகிவிடும். அடாப்டருக்கு ஈரத்துணி போர்த்திப் பார்த்தோம். பிள்ளையார் கோயில் விபூதி பூசியும் பார்த்தோம். ஒரு தடவைகூட அந்தக் கிணற்றைத் தாண்டவில்லை.

அக்காதான் ஒருநாள், "எனக்கு இது படிக்கத் தெரியும்" என்றாள்.

நாங்கள் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? அவள் வகுப்பில் இரண்டாவது, மூன்றாவதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டி நிறுத்தி நிறுத்தி வாசிப்பாள். "கெயவர் சொல்றாரு, பாப்பா, இந்தத் தண்ணி ராஜா வுட்ட கண்ணீரு. இதத் தாண்டினா திரும்பி வர்ற வயி மறந்துபூடும்." தெருப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். விளையாடுவதுகூட இரண்டாம் பட்சமாகிவிட்டது. கட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் அக்கா வாசிப்பாள் என்று எல்லோரும் அவசர அவசரமாக ஆடினார்கள்.

கதைப்படி விளக்குக்காரிக்கு ஒரு தங்கச்சி. அந்தத் தங்கச்சி கிணற்றுக்குள் விழுந்துவிட்டாள். அவளைத் தூக்கி வரத்தான் இத்தனை நடையும். தங்கச்சிக்கு இரட்டைச் சடை, மேல் பல் ஒன்று பாதி உடைந்திருக்கும் என்றாள் அக்கா. எனக்கும் அப்படித்தான் உடைந்திருந்தது. அந்த மாதம் முழுக்க எனக்குப் பூமியில் கால் பாவவில்லை.

"கெணத்துலேர்ந்து வெளிய வருவாங்களாக்கா?" என்று மாடி வீட்டுப் பையன் தினமும் கேட்பான்.

"வருவா. ரெண்டு பேரும் வருவாங்கோ."

"நெசமாவா?"

"நான் படிச்சேன்னு சொல்றேன்ல?"

அக்காவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. திரையில் ஓடும் எழுத்துகளை அதில் பார்த்துப் பார்த்து வரைந்து வைத்திருந்தாள். எந்த நான்கு எழுத்து விளக்குக்காரி முகம் வரும்போதெல்லாம் வருகிறது, எந்தக் குறி கேள்வி கேட்கும் இடத்தில் வருகிறது என்று பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்தாள். படிக்கத் தெரியும் என்றது புளுகு. ஆனால் படித்துவிடலாம் என்று அவள் நிஜமாகவே முயன்றுகொண்டிருந்தாள். அப்பா ஒருமுறை அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாது இது, கோயி கிண்டி வெச்சா மாதிரி?" என்று வீசினார். அது பிறகு பழைய பேப்பரோடு போய்விட்டது. இன்று என் ஆபீசில் அப்படி ஒரு நோட்டைப் போடுகிற பெண் கிடைத்தால் விடுவார்களா என்று நினைத்துக்கொள்வேன்.

மே மாதம் மாடி வீட்டுப் பையனின் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தார். அவர் கொண்டுவந்த பையில் இரண்டு சிடி போட்ட ஒரு டப்பா. அட்டையில் விளக்கோடு அந்தப் பெண். பையன் படிக்கட்டில் விழுந்தடித்து இறங்கி வந்து காட்டினான். அட்டையில் முழுக்கச் சீன எழுத்து. ஆனால் அவளேதான், அந்தப் பாவாடை, அந்த விளக்கு. விளையாட்டைப் படமாகவே எடுத்திருக்கிறார்கள்! கிணற்றுக்குள் என்ன என்று கண்ணாலேயே பார்க்கலாம்! நாங்கள் ஆடிய ஆட்டத்தில் அக்காவின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அவள் டப்பாவைக் கையில் வாங்கவே இல்லை.

இரண்டு வீட்டிலும் சிடி பிளேயர் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கேபிள் அண்ணன்தான் எல்லாம். தன் வீட்டு முன்னறையில் ஒரு பிளேயரை வைத்துக்கொண்டு லோக்கல் சேனலில் படம் ஓட்டுவார். நடுநடுவே ஜவுளிக்கடை விளம்பரம். கல்யாணம், காதுகுத்து என்று யார் சிடி கொடுத்தாலும் போடுவார். நானும் மாடி வீட்டுப் பையனும் டப்பாவை எடுத்துக்கொண்டு அவரிடம் போனோம். அவர் இரண்டு சிடியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது ஒண்ணு கீறல் வுயுந்து கீது. மிஷினு சூடாச்சுன்னா சிக்கிக்கும். ஜில்லுனு கீறப்பவே இத்த ஓட்டிடணும். அப்பாலிக்கா அத்தப் போடறேன்."

"எது மொதல்ல வரும்ண்ணா?" என்று பையன் கேட்டான்.

"பொம்மப் படத்துல மின்ன இன்னா, பின்ன இன்னா நைனா? சண்ட வருதா, பாத்துகினு போவியா..."

தமிழ்ப் படமாக இருந்தால் இடைவேளைக்குப் பிந்தியதை முதலில் போட்டுவிட்டு அவர் தெருவில் நடமாடியிருக்க முடியாது. பொம்மைக்கு அவ்வளவுதான் மரியாதை. எனக்கும் அவர் சொன்னது மண்டையில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போடுகிறேன் என்றதும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைகள்கூட வந்திருந்தார்கள். வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை, ஒற்றை மின்விசிறி. அப்பா உள் அறையில் பேப்பரோடு படுத்திருந்தார். அக்கா வழக்கம்போல் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படம் ஆரம்பித்தது. எடுத்த எடுப்பில் விளக்குக்காரி ஈரத் துணியோடு ஒரு மேட்டில் ஏறி வந்தாள். வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டாள். யாரோ ஒரு வாளேந்திய பையன் பேசிக்கொண்டே இருந்தான். விளையாட்டில் அவன் கிடையவே கிடையாது. இதில் அவன்தான் எல்லாம் செய்தான், அவள் அழுதுகொண்டு பின்னால் நின்றாள். தவளை இல்லை, வௌவால் இல்லை. வாய் அசைந்து முடிந்த பிறகும் குரல் வந்துகொண்டிருந்தது. ஒரே மலையை நான்கு முறை காட்டினார்கள்.

"அக்கா, இது இன்னா?"

"இது அவ கனா. கெணத்துல எறங்கறதுக்கு மின்னாடி தூங்கறா இல்ல, அப்போ வர்ற கனா" என்றாள் அக்கா, ஒரு நொடி யோசித்துவிட்டு. பாவி மகள், எவ்வளவு வேகமாகத் தைத்தாள் பாருங்கள்! பிள்ளைகள் அடங்கினார்கள். ஆனால் அவளுடைய காதோரம் வியர்வை வழிந்ததைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன்.

நடுவில் ஜவுளிக்கடை விளம்பரம் வந்து, அடுத்த சிடி ஓடியது. விளக்குக்காரி வீட்டைவிட்டுக் கிளம்பினாள். படகு வந்தது, கிழவர் வந்தார். கிழவர் பேசப் பேச அக்கா விட்ட இடத்திலிருந்து கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லோருக்கும் உயிர் வந்தது. கடைசியில் கிணறு வந்தது. அவள் மூடியைத் திறந்தாள், இறங்கினாள். மூடி தானாகச் சாத்திக்கொண்டது. திரை கறுத்தது. திரும்பவும் ஜவுளிக்கடை.

கொஞ்ச நேரம் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. அடுத்து ஏதோ பக்திப் பாட்டு ஓட ஆரம்பித்தது.

"நீங்க வெளிய வருவாங்கன்னு சொன்னீங்கக்கா" என்று மாடி வீட்டுப் பையன் அழத் தொடங்கினான். ஒன்று அழுதால் போதாதா? இன்னொன்று அழுதது. பெரிய பிள்ளைகள், "டூப்பு! டூப்பு!" என்று கத்தினார்கள். ஒருவன் ஜாய்ஸ்டிக்கைக் காலால் உதைத்தான். அக்கா எழுந்து நின்று, "இருங்கடா, இன்னும் கீது, இன்னும் கீது" என்றாள். எனக்கு அவர்கள் யாரும் பொருட்டாகவே இல்லை. நான் படம் முழுக்க ஒரே ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். இரட்டைச் சடை போட்டு, பல் உடைந்த ஒருத்தியை. அப்படி யாருமே அந்தப் படத்தில் இல்லை. கிணற்றுக்குள் நான் இல்லை.

அழுகைச் சத்தம் கேட்டு மாடி வீட்டு ஆன்ட்டி இறங்கி வந்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பையன் ஒரு மாசமா தூக்கத்துல கிணறு, கிணறுன்னு உளர்றானுங்க. இத்தனை பெரிய புள்ள, பொடுசுங்களைக் கூட்டி வெச்சுட்டு இல்லாததெல்லாம் சொல்லிட்டு இருந்தா எப்படிங்க?"

அம்மாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. உள்ளே பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. அப்பா யாரையும் திட்டவில்லை. பிள்ளைகள் எல்லாம் போன பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"அக்கா சொல்லிகினு கெடந்துச்சே ஒரு கத, அது படத்துல வந்துச்சா?"

"வர்லப்பா."

"அப்போ அது சொன்னது நெசமா, பொய்யா? ஒரே வார்த்தைல சொல்லு."

சடையையும் பல்லையும் கொடுத்து ஏமாற்றிவிட்டாளே என்று வயிறு எரிந்தது.

"பொய்" என்றேன்.

அம்மா வாசலில் நின்றபடி, "கொயந்தைங்களுக்கு ஒரு கத சொல்லிச்சு, அதுக்குப் போயி..." என்று இழுத்தாள்.

"கதன்னு சொல்லிட்டுச் சொன்னா கத. படிச்சேன்னு சொல்லிச்சே, அது பொய். ஒரு நூலு அளவு மாத்திச் சொன்னா மிஷினே ஒடஞ்சிபூடும், தெரியுமா உனக்கு? இத்த மேல மேல படிக்க வெச்சா நாளைக்கு ஊரையே ஏமாத்தும். நாலு பேரோட வேலைக்குப் போவட்டும், புத்தி வரும்."

எஸ்டேட்டில் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பெண்கள் வேண்டும் என்று அவருடைய கூட்டாளி ஒருவர் சொல்லி வைத்திருந்தாராம். மறுநாளே அப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பத்து நாள் கழித்து ரிசல்ட் வந்தது. அக்கா பள்ளியிலேயே இரண்டாவது. அம்மா அழுதாள். டீச்சர் ஒருவர் வீடு தேடி வந்து பேசினார். "வாக்குக் குடுத்துட்டேம்மா. ஒரு வருசம் போய்ட்டு வரட்டும், அப்பால பாக்கலாம்" என்றார் அப்பா. அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. ஜூன் மாதம் நான் ஏழாம் வகுப்புக்குப் புதுப் பையோடு கிளம்பிய அதே காலையில் அக்கா டிபன் பாக்ஸோடு கிளம்பினாள். டிவி கேமை அப்பா யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். நாங்கள் தேடவும் இல்லை. நான் காலேஜ் முடித்ததும் இன்று ஏசி அறையில் உட்கார்ந்திருப்பதும் அவள் தைத்த தையலில்தான்.

அப்பாவைப் பழி சொல்லவும் இப்போது தெம்பில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார். எஸ்டேட்டில் ஷிப்டைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. அவர் முன்பே முடிவு செய்து வைத்திருந்து ஒரு சாக்கைத் தேடிக்கொண்டிருந்தாரோ என்னவோ. என் ஒரு சொல்லில்தான் எல்லாம் நடந்தது என்று நினைப்பதுகூட ஒரு வகைத் திமிர்தான் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். ஆனாலும் அந்தச் சொல்லை நான் சொன்னேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் என் மகள் ஏதோ ஒரு பொம்மைத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமிலிருந்து எடுத்தது என்றாள். பேச்சோடு பேச்சாக விளக்குக்காரியைப் பற்றிச் சொன்னேன். பத்து நிமிடத்தில் அந்தப் படத்தை நெட்டில் தேடி எடுத்துவிட்டாள். யாரோ ஒரு புண்ணியவான் கீழே ஆங்கில எழுத்தோடு ஏற்றி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே நாலைந்து பேர் வந்து காறித் துப்பியிருக்கிறார்கள். அவர்கள் ஊரிலும் அது ஓடவில்லையாம், நல்ல விளையாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் புலம்பியிருந்தார்.

தனியாக உட்கார்ந்து பார்த்தேன். வீட்டிலிருந்து கிளம்பினாள், படகு, கிழவர், கிணறு. மூடி சாத்திக்கொண்டது. அதோடு முடிந்தது என்று எழப்போனேன். படம் மேலே ஓடியது. கிணற்றுக்கு அடியில் தண்ணீர், அதில் நீந்தி, ஈரத் துணியோடு அவள் மேட்டில் ஏறி வந்தாள். கீறல் விழுந்தது பின்பாதி சிடி. கேபிள் அண்ணன் அதைத்தான் முதலில் ஓட்டியிருக்கிறார். அவர் சொன்னதைக் காதால் கேட்டவளே நான்தான். இத்தனை வருஷம் எனக்கு உறைக்கவில்லை. தங்கச்சி மட்டும் எந்தப் பாதியிலும் இல்லை. நேராகப் பார்த்தாலும் அது மட்டமான படம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரைத் தாண்டி இருக்கும் அண்ணனூருக்குப் போனேன். அக்கா அங்கேதான் இருக்கிறாள். மச்சான் ரயில் ஷெட்டில் வேலை. இத்தனை வருஷம் தையல் மிஷின் மிதித்து அக்காவுக்குக் கால் வீங்கிவிட்டது, நீட்டி உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஷெட்டுக்குப் போகும் காலி ரயில் ஒன்று மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. நான் சொன்னது அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"யாரு வெளிய வர்றா?"

"விளக்குக்காரிக்கா. அவரு சிடிய மாத்திப் போட்டுட்டாரு. நீ சொன்ன மாதிரியே வெளிய வர்றா."

"அட" என்று சிரித்தாள். "தங்கச்சி?"

"இல்ல. அது நீயா சேத்தது."

"ஆமா, நானாத்தான் சேத்தேன். சின்னதுன்னு உன்ன ஆட்டத்துல சேத்துக்க மாட்டாங்கோ. மூஞ்சத் தூக்கி வெச்சுகினு குந்திகினு இருப்ப."

எப்படியோ தொடங்கிவிட வேண்டும் என்று, "அன்னிக்கு அப்பா கேட்டப்போ நான்தான்க்கா பொய்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும். கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன்."

இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் காலேஜ் பீஸ் கட்டிய நாளிலும், என் பிரசவத்துக்கு வந்து ஆஸ்பத்திரியில் தரையில் படுத்த நாட்களிலும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"அழுவாத. நீ சொன்னது சரிதான், பொய்தான அது" என்றாள். காயை ஓரமாகத் தள்ளினாள். "உன்னக் கேட்டாரு. அம்மா பேசனதக் கேட்டாரு. மாடி வூட்டு ஆன்ட்டி சொன்னதக்கூடக் கேட்டுகினாரு. என்ன ஒரு வாட்டி கேட்டாரா?"

"கேட்டிருந்தா இன்னாக்கா சொல்லியிருப்ப?"

"பொய்தாம்ப்பான்னு சொல்லியிருப்பேன். ஆனா படிக்கணும்ப்பான்னும் சொல்லியிருப்பேன்." அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீயும் இன்னிக்குத்தான்டி கேக்குற."